அப்பாவின் பிஸ்கட் டின்னும் உங்கள் இபிஎப் பணமும்

கேள்வி:

ஐயா, நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஆள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு, பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் வேலை. வரும் டிசம்பரில் எனக்கு 55 வயது முடிகிறது. தொழிலாளர் சேமநிதியான இபிஎப்பில் 186,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பேங்கில் 14,000. வீட்டுக் கடன் இன்னும் 31,000 பாக்கி. மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மகன் ஈப்போவில் லோரி ஓட்டுகிறான்.

என் அப்பா 1996ல், அவருக்கு 55 ஆனபோது, இபிஎப் பணம் 19,000 வெள்ளியை எடுத்து, தோட்டத்துக் கிராணி (கணக்கர்) சொன்னார் என்று ஷேர் வாங்கினார். இரண்டு வருடத்தில் எல்லாம் போய்விட்டது. சாகும்வரை யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவருடைய பிஸ்கட் டின்னில் இரண்டு ஷேர் பத்திரம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

இப்போது ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் இதே பேச்சுதான். அமெரிக்காக்காரன் வரி போட்டுவிட்டான், 97 பொருளாதார நெருக்கடி மாதிரி திரும்ப வரும், ரிங்கிட் விழும், அரசாங்கம் இபிஎப்பைப் பூட்டிவிடும், அதற்குள் எடுத்துவிடு என்கிறார்கள். மகன் தங்கம் வாங்கச் சொல்கிறான். கோயில் கமிட்டி நண்பர் ஒருவர் ஃபோரெக்ஸ் (வெளிநாட்டுப் பண வியாபாரம்) திட்டத்தில் போட்டு மாதம் 5 விழுக்காடு வாங்குகிறார். 98ல் பிரதமர் மகாதீர் செய்தது சரி என்று ஒருவர் எழுதுகிறார், தப்பு என்று இன்னொருவர் எழுதுகிறார். உங்கள் சொந்தக் கருத்து என்ன? நான் பணத்தை எடுக்கவா, விடவா?

பதில்:

ஐயா, முதலில் அப்பாவின் 19,000 வெள்ளி எங்கே போனது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் உங்கள் 186,000ஐப் பற்றிப் பேசினால், நான் என்ன சொன்னாலும் உங்கள் காதில் அப்பா வாசலுக்கு எழுந்து போகும் சத்தம்தான் கேட்கும்.

1997லும் 98லும் நான் ஈப்போவில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் கிளார்க். மாடியில் கேலரி. சுவர் நிறையத் திரை, அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மார்க்கெட்டில் கறி விற்ற கையோடு வரும் சீனத்து ஆண்ட்டிகள், தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் நம் ஆட்கள். 97 தொடக்கத்தில் அந்த நாற்காலி கிடைப்பதே பாடு. பிப்ரவரியில் பங்குச் சந்தைக் குறியீடு 1,270ஐத் தொட்டது. கிராணி சொன்னார், டாக்சிக்காரர் சொன்னார், முடி வெட்டுகிறவர் சொன்னார் என்று வாங்கினார்கள். உங்கள் அப்பா 96ல் வாங்கினார் என்றால் அந்தக் கூட்டத்தில்தான் அவரும் நின்றிருப்பார்.

அப்புறம் என் வேலை மாறியது. கடிதம் தட்டச்சு செய்வதே வேலையாகிவிட்டது. பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களுக்கு, 'உங்கள் பங்கின் மதிப்பு குறைந்துவிட்டது, இத்தனை நாளுக்குள் இவ்வளவு பணம் கட்டுங்கள், இல்லையென்றால் நாங்களே விற்றுவிடுவோம்' என்று கடிதம். ஒரு நாள் காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கத் தெரியவில்லை. 'தம்பி, கம்பெனி எனக்குக் காசு கொடுக்குதா?' என்று கேட்டார். நான்தான் அதைத் தட்டச்சு செய்தவன். படித்துச் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்த டிபன் கேரியரைக் கவுன்டரில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது கேரியரை எடுக்க மறந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் கொடுத்தேன்.

1998 செப்டம்பர் முதல் நாள் குறியீடு 262. ஒன்றரை வருடத்தில் நூறு வெள்ளி இருபது வெள்ளியாகிவிட்டது. இதை எல்லாரும் சொல்வார்கள். இதற்குப் பிறகு நடந்ததைப் பாதிப் பேர் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதே குறியீடு 1,000ஐ ஒட்டி நின்றது. சொந்தக் காசில் நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்கி, விற்காமல் வைத்திருக்க முடிந்தவர்களுக்குப் பெரும்பகுதி திரும்பி வந்தது. கடனில் வாங்கியவர்களின் பங்கை 98லேயே விற்றுவிட்டார்கள். அவர்களுக்குத் திரும்பி வர ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. சொந்தக் காசில்தான் வாங்கினார்கள், ஆனால் செகண்ட் போர்டில் (சின்னக் கம்பெனிகளுக்கான பட்டியலில்) இருந்த ஏதோ ஒரு கம்பெனியை, பேர் நன்றாக இருக்கிறது என்று வாங்கினார்கள். குறியீடு திரும்பி வந்தது, அந்தக் கம்பெனி வரவில்லை. அப்பா எந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. கிராணி சொல்லி வாங்கியது என்பதால் மூன்றாவதோ என்று ஒரு சந்தேகம். எப்படியிருந்தாலும், அவர் முட்டாளாக இருந்ததால் போன பணம் இல்லை அது. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், எங்கள் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள்.

இனி மகாதீர் விஷயம். சொந்தக் கருத்து கேட்டீர்கள், சொல்கிறேன். ஒட்டுக்கடையில் இதை வைத்துச் சண்டை வந்தால் என் பேரை இழுக்காதீர்கள்.

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தைத் தாங்குவதைக் கைவிட்டது. பன்னிரண்டு நாள் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா டாலரை விற்று ரிங்கிட்டைத் தாங்கிப் பார்த்தது, 14ஆம் தேதி விட்டுவிட்டது. இரண்டரை வெள்ளிக்குக் கிடைத்த டாலர் அடுத்த ஜனவரியில் 4.88. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் இன்றைய பிரதமர் அன்வார். 97 டிசம்பரில் அரசாங்கச் செலவை 18 விழுக்காடு வெட்டினார். வட்டியும் ஏறியது. 98 நடுவில் பேங்குகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஐஎம்எப் என்ற அனைத்துலகப் பண நிதியத்திடம் நாம் கடன் வாங்கவில்லை, ஆனால் ஐஎம்எப் எழுதிக் கொடுக்கும் அதே மருந்தை நாமே வாங்கிக் குடித்தோம். அந்த வருடம் நாட்டின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. செப்டம்பர் முதல் தேதி மகாதீர் மூலதனக் கட்டுப்பாடு, அதாவது பணம் நாட்டைவிட்டு வெளியே போகத் தடை, கொண்டுவந்தார். மறுநாள் டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டை ஆணி அடித்தார். அன்றைக்கே அன்வார் பதவியும் போனது. அந்த ஆணியை 2005 ஜூலையில்தான் பிடுங்கினார்கள்.

என் கருத்து: கட்டுப்பாடு போட்டது சரி. ரிங்கிட்டைக் காப்பாற்ற வட்டியை ஏற்றிக்கொண்டே போயிருந்தால், கடன் வாங்கித் தொழில் நடத்திய சின்ன ஆட்கள் எல்லாரும் படுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குத்தகைக்காரர், தாமானில் வீடு கட்டிக் கொடுப்பவர், இரண்டு லோரியை விற்று வட்டி கட்டினார். மூன்றாவதை விற்பதற்குள் வட்டி இறங்கியது. 1999 முடிவதற்குள் அந்த அடிப்படை வட்டி 7 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டது. அதே சமயம், கட்டுப்பாடு போட்டதால்தான் நாம் பிழைத்தோம் என்று மார்தட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஐஎம்எப் மருந்தைக் குடித்த தென்கொரியாவும் 1999ல் எழுந்து ஓடியது, நம்மைவிட வேகமாக. இன்னொன்று, காப்பாற்றப்பட வேண்டியவர்கள் யார் என்று முடிவு செய்த விதத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. பெரிய நிறுவனங்களின் வாராக் கடனை வாங்கிக்கொள்ள டானாஹர்த்தா வந்தது, பேங்குகளுக்கு முதல் போட டானாமோடல் வந்தது. டிபன் கேரியர் பெரியவரின் கடனை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

இந்தப் பேச்சில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி உங்கள் தொழிலில் இருக்கிறது. 98ல் நாடே சுருங்கியபோது செம்பனை எண்ணெய் டன்னுக்கு 2,000 வெள்ளிக்கு மேல் போனது. எண்ணெயை டாலரில் விற்கிறோம், டாலர் ஏறினால் வெள்ளியில் கூடுதலாக வரும். டவுனில் கட்டட வேலை நின்றுபோன அதே வருடம் தோட்ட நிர்வாகங்களுக்கு நல்ல வருடம். (தொழிலாளி கைக்கு அதில் எவ்வளவு வந்தது என்பதை உங்கள் வயது ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) பத்து வருடம் கழித்து 2008ல் கதை தலைகீழ். மார்ச் மாதம் 4,000ஐத் தாண்டிய எண்ணெய் விலை அக்டோபரில் 1,500க்கும் கீழே. அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பேங்க் கவிழ்ந்தது, இங்கே செம்பனைக் குலை வெட்டுகிறவரின் ஓவர்டைம் போனது. ஆக '97 மாதிரி வரும்' என்று சொல்கிறவரிடம், எந்த 97, யாருக்கு வந்த 97 என்று கேளுங்கள். கடன் வாங்கியவனுக்கு வந்த நெருக்கடி வேறு, பேங்கில் பணம் போட்டவனுக்கு வந்தது வேறு, மில்லில் வேலை செய்தவனுக்கு வந்தது வேறு.

உங்கள் சம்பளமே எண்ணெய் விலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தோட்டக் கம்பெனி ஷேர் வாங்கும் யோசனை எப்போதாவது வந்தால் விட்டுவிடுங்கள். நமக்குத் தெரிந்த தொழில் என்று தோன்றும். விலை விழுந்தால் ஓவர்டைமும் போகும், ஷேரும் போகும், ஒரே வாரத்தில்.

இபிஎப்பைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். 98ல் பூட்டினார்கள்தான். பூட்டியது பங்குச் சந்தையில் வெளிநாட்டார் போட்ட பணத்தை, ஒரு வருடத்துக்கு. நம் இபிஎப்பை இல்லை. அந்த வருடம் இபிஎப் 6.70 விழுக்காடு ஈவு கொடுத்தது, விலைவாசி 5.3 விழுக்காடு ஏறியது. நாடு சுருங்கிய வருடத்திலும் கொஞ்சம் மிச்சம் நின்றது. 2002ல் 4.25, 98க்குப் பிறகு அதுதான் மோசம். 2008ல் 4.50. கோவிட் வந்த 2020ல் 5.20. 2024க்கு 6.30. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

உண்மையில் கோவிட் நெருக்கடி வந்தபோது அரசாங்கம் செய்தது பூட்டியதற்கு நேர்மாறு. கதவை அகலத் திறந்துவிட்டது. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று பணம் எடுக்கும் திட்டங்கள், அதன் பிறகு 2022ல் ஆளுக்குப் பத்தாயிரம் வரை. நான்கையும் சேர்த்து 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. முதல் ஆறு மாதம் அடுப்பு எரிய அது தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்லமாட்டேன். 2022ல் கொடுத்த பத்தாயிரம் வாக்குக்காகக் கொடுத்தது என்பது என் கருத்து. அந்த மாதம் என்னிடம் வந்தவர்களில் பலர் அதை என்ன செய்வது என்று கேட்கத்தான் வந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாத பணத்தை எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டால், 'எல்லாரும் எடுக்கிறாங்க சார்' என்றார்கள். 96ல் எல்லாரும் வாங்கினார்கள், 2022ல் எல்லாரும் எடுத்தார்கள்.

ரிங்கிட் விழுந்தால்? விழலாம். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வரை போனது, 98க்குப் பிறகு அவ்வளவு மோசமாக இருந்ததில்லை. அப்போது பயந்துபோய் பணமாற்றுக் கடையில் டாலர் வாங்கி பீரோவில் வைத்தவர்களைத் தெரியும். செப்டம்பரில் டாலர் 4.12ஐ ஒட்டி வந்துவிட்டது. ஏழே மாதத்தில் நூற்றுக்குப் பதினான்கு போனது. இபிஎப் தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் போட்டிருக்கிறது. ரிங்கிட் விழுந்தால் அந்தப் பங்கு வெள்ளிக் கணக்கில் ஏறும். நீங்கள் பணமாற்றுக் கடைக்குப் போகாமலே உங்கள் பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே டாலரில்தான் இருக்கிறது.

ரொக்கமாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். 98 நெருக்கடியின் கையோடு 500 வெள்ளி, 1,000 வெள்ளி நோட்டுகளை நிறுத்தினார்கள். 1999 ஜூலை முதல் தேதியிலிருந்து அவை செல்லாது. என் அத்தை இறந்த பிறகு அரிசி டின் அடியில் மூன்று ஆயிரம் வெள்ளி நோட்டு கிடைத்தது. கெடு முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

தங்கம். உங்கள் மகனைக் குறை சொல்ல முடியாது, 2025ல் ஒரு அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஏறியதைப் பார்த்தவன் வாங்கத்தான் சொல்வான். 1980 ஜனவரியில் அதே தங்கம் 850 டாலர். 1999ல் 250ஐ ஒட்டி இருந்தது. பத்தொன்பது வருடம் காத்திருந்து நூற்றுக்கு எழுபதை இழந்திருப்பீர்கள், அதற்குள் உங்களுக்கு 74 வயது ஆகியிருக்கும். 2011ல் 1,900, 2015 கடைசியில் 1,050. மறுபடியும் ஏறியது உண்மை. எப்போது ஏறும் என்று எனக்கும் தெரியாது, நகைக் கடைக்காரருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் ஏன் உங்களிடம் விற்கிறார்? தங்கத்தின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் நம் அம்மாமார்களுக்கு அது பேங்க். பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரிச் செலவு என்றால் வளையலைக் கழற்றி அடகுக் கடைக்குப் போனார்கள், கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்கவில்லை. அந்த அளவுக்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் ஆசையாக இருந்தால், பத்தாயிரம் வெள்ளிக்கு மிகாமல், நகையாக வாங்காமல் வில்லையாகவோ காசாகவோ வாங்குங்கள். செய்கூலி கொடுத்து வாங்கிய ஆரத்தை விற்கப் போகும்போது கடைக்காரர் செய்கூலியைத் திருப்பித் தரமாட்டார்.

மாதம் 5 விழுக்காடு விஷயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. உங்கள் 186,000ஐ அதில் போட்டு, வரும் பணத்தையும் அதிலேயே போட்டுக்கொண்டு வந்தால், ஐந்து வருடத்தில் 34 லட்சம் வெள்ளிக்கு மேல் ஆக வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வித்தை கையில் உள்ளவன் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நம்மிடம் ஐயாயிரம், பத்தாயிரம் கேட்டுக்கொண்டு நிற்பானா? உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே மாதா மாதம் வருகிறது. அவருக்குப் பிறகு சேர்ந்தவர்களின் பணம்தான் அது. அவரைப் போன்ற நல்ல மனுஷர் வாங்குவதைப் பார்த்துத்தான் அடுத்த பத்துப் பேர் சேர்வார்கள், அவருக்குக் கொடுப்பதே அதற்குத்தான். 1986ல் 24 கூட்டுறவுச் சங்கங்களின் கதவை அரசாங்கம் மூடியபோதும், 2012ல் ஒரு தங்கத் திட்டத்தில் பேங்க் நெகாரா சோதனை போட்டபோதும், அதுவரைக்கும் எல்லாருக்கும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன. மகளிடம் சொன்னால் கைபேசியில் இரண்டு நிமிடத்தில் தேடித் தருவாள். ஆனால் ஒன்று, பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்ல திட்டம் என்று அர்த்தமில்லை, இன்னும் பிடிபடவில்லை என்றும் இருக்கலாம். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், வெட்கப்படாமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்குப் போன் செய்யுங்கள்.

இனி உங்கள் பணம். எடுக்கவா விடவா என்று கேட்டீர்கள். 55ல் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அப்பா காலத்துப் பேச்சு. டிசம்பரில் உங்கள் பணமெல்லாம் அக்கவுன் 55 என்ற ஒரே கணக்குக்குப் போகும். வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கலாம். எடுக்காமல் விட்டதற்கு 100 வயது வரை ஈவு வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகு சம்பளத்தில் பிடிப்பது அக்கவுன் எமாஸுக்குப் போகும், அதை 60ல்தான் தொட முடியும். என் யோசனை, டிசம்பரில் ஒரு காசும் எடுக்க வேண்டாம். எடுக்க ஒரு காரணம் வரும்போது, அந்தக் காரணத்தின் அளவுக்கு எடுங்கள்.

பேங்கில் உள்ள 14,000 அப்படியே இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு மாதம் 2,500 செலவு என்று வைத்தால் கிட்டத்தட்ட ஆறு மாதம் தாங்கும். பேங்க் கவிழ்ந்தாலும் ஒரு பேங்கில் 250,000 வரை பிஐடிஎம் என்ற வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் காப்புறுதி இருக்கிறது. இந்த 14,000தான் உங்கள் வீட்டில் உள்ள முதலீடுகளிலேயே முக்கியமானது. வட்டி கொஞ்சம்தான் வரும், வரட்டும். மில் மூன்று மாதம் நின்றாலும் நீங்கள் எதையும் அவசரத்துக்கு விற்க வேண்டியிருக்காது என்பதற்குத்தான் அது. 98ல் நான் தட்டச்சு செய்த கடிதம் போனவர்களிடம் இல்லாதது இதுதான்.

வீட்டுக் கடன் 31,000ஐ இபிஎப்பிலிருந்து எடுத்து அடைத்துவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கணக்குப்படி பார்த்தால் வேண்டாம். இபிஎப் கொடுப்பது 6 விழுக்காட்டை ஒட்டி, வீட்டுக் கடனுக்கு நீங்கள் கட்டுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 2025 ஜூலையில் பேங்க் நெகாரா வட்டியை 2.75க்கு இறக்கியதால் உங்கள் தவணையும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், பேங்க் கடிதம் வந்ததா என்று பாருங்கள். இறங்கினாலும் பழைய தவணையையே கட்டிக்கொண்டு வாருங்கள், சீக்கிரம் அடைந்துவிடும். ஒருவேளை மில்லை மூடுகிறார்கள், வேலை இல்லை என்றால், அன்றைக்கு கணக்கைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு முதல் வேலையாக அந்தக் கடனை அடையுங்கள். சம்பளம் இல்லாத வீட்டில் கடன் இருக்கக் கூடாது. தவணை கட்ட முடியாத நிலை வந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள். மகன் சொந்த லோரி வாங்கப் போகிறேன், ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள் அப்பா என்றால், பணமாகக் கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு அவன் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஷேர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'பொறுத்திருந்தால் ஏறும்' என்று புத்தகத்தில் படித்துவிட்டு இறங்காதீர்கள். நம் குறியீடு 2018 ஏப்ரலில் 1,895ஐத் தொட்டது, 2024 முடியும்போது 1,640ஐ ஒட்டித்தான் நின்றது. ஏழு வருடப் பொறுமைக்கு ஈவுத் தொகையைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் டிரம்ப் வரி அறிவித்த அடுத்த வாரம் 1,400 வரை இறங்கி, பிறகு ஏறிக்கொண்டது. இளம் வயதில், மாதா மாதம் கொஞ்சமாகப் போடுகிறவர்களுக்கு அது பரவாயில்லை. உங்கள் மகள் வேலைக்குப் போனதும் என்னிடம் அனுப்புங்கள், அவளுக்குச் சொல்கிறேன். அமானா சஹாம் மலேசியா என்ற முதலீட்டு நிதியில் இந்தியர்களுக்கு ஒதுக்கீடு திறக்கும்போது எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கெட்டதில்லை. உங்களுக்கு அண்மைய வருடங்களில் இபிஎப்பே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது, பிறகு எதற்கு வரிசை?

கடைசியாக அந்த பிஸ்கட் டின்.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். 1996ல் வாங்கிய ஷேருக்குக் கையில் காகிதப் பத்திரம் இருக்க வாய்ப்பு குறைவு. அதற்குள் கிட்டத்தட்ட எல்லாப் பங்குகளும் சிடிஎஸ் என்ற மத்தியப் பதிவுக் கணக்குக்குப் போய்விட்டன. பத்திரம் எங்கோ பெட்டகத்தில் இருக்கும், வாங்கியவருக்குக் கணக்கு அறிக்கைதான் வரும். அப்படியானால் அப்பாவின் டின்னில் இருப்பது அந்த 19,000 வெள்ளியின் மிச்சம் இல்லை. அவர் அதற்கு முன்பே, உங்களுக்குத் தெரியாமல், வேறு எதையோ வாங்கி வைத்திருக்கிறார்.

எதுவாக இருக்கும்? 80களில் நம் சமூகத்தின் பெயரில் பங்கு திரட்டிய ஒரு நிறுவனத்தின் பத்திரமாக இருக்கலாம். கூட்டுறவுச் சங்கப் பங்காகவும் இருக்கலாம். உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள், அந்தப் பணத்தில் 1961ல் கூலிம் பக்கம் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பேராக் தோட்டங்களில் அந்தத் தலைமுறையில் அந்தப் பங்கு வைத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

பத்திரத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பழைய நிறுவனமாக இருந்தால், சிடிஎஸ்ஸில் ஒப்படைக்காமல் விட்ட பங்குகளை 1998 கடைசியில் நிதியமைச்சரின் பெயருக்கு மாற்றினார்கள், உரிமை கோர வழி இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் அப்பாவின் உறுப்பினர் எண்ணோடு சங்கத்துக்கே எழுதுங்கள். எதுவானாலும் கோரப்படாத பணத்துக்கான இ-குமிஸ் தளத்தில் அவருடைய அடையாளக் கார்டு எண்ணைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள், பழைய எண்ணையும் சேர்த்து. இறப்புச் சான்றிதழும் உங்கள் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். பத்திரத்தை மடித்து அனுப்பாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் போதும்.